நின்றுபோன கேலக்ஸிகளுக்காக ஒரு ஜெபம்

பதற்றப்படுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் நகம் கடிப்பார்கள், அழுவார்கள், அடுத்தவர் மேல் எரிந்து விழுவார்கள். அவர்களுக்கு யாராவது ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவார்கள். நான் இரண்டாவது வகை. வயிற்றுக்குள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதும் என் முகம் மூடிய பேங்க் கவுன்டர் போலத்தான் இருக்கும். "ஷீபாவுக்கு என்ன, அவ கூல்" என்று சொல்லிவிட்டு, முதல் வகைக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரவும் என்னைத்தான் அனுப்புவார்கள்.

உள்ளே இருக்கிற பதற்றம் எந்த வழியிலாவது வெளியே போயாக வேண்டும். என்னிடமிருந்து அது பட்டியலாகப் போகிறது. எதற்கும் பட்டியல் போடுவேன். (பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு 'எடுத்துப் போக வேண்டியவை' என்று அழகாக எழுதி, அந்தக் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஹால் டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனவள் நான்.) அந்த அனுபவத்திலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை எழுதவேண்டி வந்திருக்காது.

முனைவர் பட்டத்தை முடித்துவிட்டு இரும்புலியூர் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்த காலம் அது. என் ஆராய்ச்சி விண்மீன் திரள்களைப் பற்றியது. வீட்டு மொழியில் கேலக்ஸி. பல்லாயிரம் கோடி நட்சத்திரங்கள் சேர்ந்து குடியிருக்கும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஊர்களில் குளிர்ந்த வாயுவிலிருந்து புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருக்கும். சிலவற்றில் ஒரு கட்டத்தில் பிறப்பு நின்றுவிடும். வரத்துக் கால்வாயை அடைத்து வீடு கட்டினால் ஏரி என்ன ஆகும் என்பது தாம்பரம் பக்கத்து ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். ஏறக்குறைய அதே கதைதான். வாயு வந்து சேரும் வழி அடைபடும், பழைய நட்சத்திரங்கள் மட்டும் மிஞ்சும், திரள் மெல்லச் சிவந்து மங்கும். அப்படி நின்றுபோன திரள்களில் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு, அவை மறுபடி தொடங்குவதில்லை என்று நான் நிரூபித்திருந்தேன். (நிரூபித்துவிட்டதாக நம்பியிருந்தேன்.) ஒரே வரியில் சொன்னால், நின்றது நின்றதுதான்.

அம்மா ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். யாராவது விசாரித்தால் "நட்சத்திரம் சம்பந்தமா" என்று முடித்துக்கொள்வாள். அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் சூப்பர்வைசர். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "நின்னு போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு இல்ல? அப்புறம் இன்னும் என்னம்மா பாக்கறீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. விண்ணப்பித்த இடங்களெல்லாம் வரிசையாக, மிகுந்த மரியாதையோடு, என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தன. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: ஐரோப்பாவில் ஓர் ஆய்வு நிறுவனம், நேர்காணல் ஆன்லைனில், வியாழக்கிழமை மாலை மூன்று மணிக்கு. இன்னொரு பக்கம் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனி திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. அங்கே போனால் சம்பளம் நன்றாக இருக்கும், கேலக்ஸி என்னைவிட்டுப் போய்விடும். அப்படிப் போன சீனியர்கள் இருவரை எனக்குத் தெரியும். இரண்டு பேரிடமும் இன்று வானியல் என்று மிஞ்சியிருப்பது டெலஸ்கோப் படம் போட்ட காபிக் கோப்பை. அந்தக் கோப்பை என் கனவில் வர ஆரம்பித்திருந்தது.

ஆகவே பட்டியல் போட்டேன். தலைப்பு: 'கெட்டுப்போகக் கூடியவை'. மின்சாரம் போகலாம், அதற்கு இன்வெர்ட்டர். இன்டர்நெட் போகலாம், அதற்கு போன் ஹாட்ஸ்பாட். (ஹாலில் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே சோதித்தேன். பிரமாதமாக வேலை செய்தது. டிக் அடித்தேன். நேர்காணல் நடக்கப்போவது ஹாலில் அல்ல, பின்பக்க அறையில் என்பது அப்போது எனக்கு ஒரு தகவலாகவே படவில்லை.) குக்கர் விசில், காலிங் பெல், பழைய இரும்புக்காரரின் ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது.

தெருவில் மழைநீர் வடிகாலுக்காக ஜேசிபி தோண்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமை மாலையே போய் அதன் டிரைவரிடம் பேசினேன். நாளைக்கு மூன்றிலிருந்து நாலு வரை வண்டியை நிறுத்திவைக்க முடியுமா, வீட்டில் ஒரு இன்டர்வியூ இருக்கிறது என்றேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ வூட்டுக்குள்ள குந்திக்கினு பேசப் போற. அதுக்கு நாங்க ரோட்ல வேலைய நிறுத்தணுமா?"

"சத்தம் கேக்கும் அண்ணா. வேலை கெடைக்கிற விஷயம்."

"வேலை மேட்டரா? அத மொதல்ல சொல்லு. நாளிக்கு மத்யானம் அந்தாண்ட கோடிக்குப் போய்க்கிறேன். இங்க ஒரு சவுண்டு வராது. போதுமா அக்கா?"

போதும் என்றேன். அவருக்கு என்னைவிடக் குறைந்தது பதினைந்து வயது கூட இருக்கும். அக்கா என்று கூப்பிட்டதும் பெருமையாகவே இருந்தது. பட்டியலில் அதையும் டிக் அடித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து ஹாலுக்கு வந்தால், அம்மா சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி நம்ம வீட்ல சங்கம்" என்றாள்.

சங்கம் என்றால் எங்கள் சபையின் மகளிர் சங்கம். வியாழக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள்.

"இந்த வாரம் லில்லி ஆன்ட்டி வீட்லன்னு சொன்னே?"

"நான்தான் கேட்டு மாத்தி வாங்கினேன். உனக்காகத்தான்டி. மூணு மணிக்கு."

"அம்மா, மூணு மணிக்கு எனக்கு இன்டர்வியூ."

"அதனாலதான மூணு மணி."

காலையிலேயே ஜெபித்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "இட்லி மாவா அது, முன்கூட்டியே அரைச்சு வெக்க?" என்றாள். சத்தம் வருமே என்றேன். அதற்கும் ஏற்பாடு செய்திருந்தாள். இன்றைக்கு மட்டும் மௌன ஜெபம் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்றாம்.

இதை நான் நம்பவில்லை. காரணம் லில்லி ஆன்ட்டி. அவர்தான் சங்கத் தலைவி, ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பெயர் சொல்லி நிற்கவைத்த குரல் அவருடையது. அவர் மௌனமாக இருந்ததை அவர் கணவரே பார்த்ததில்லை என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கையில் ஜல்ஜல் என்று தட்டிப் பாடுகிற டேம்பரின் இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து, "சும்மா கைல கொண்டாந்தேன், தட்ட மாட்டேன்" என்றார்.

நான் பட்டியலை எடுத்து அடியில் 'டேம்பரின்' என்று சேர்த்தேன். முகம் வழக்கம்போல. "பாருங்க, எவ்வளவு தைரியமா இருக்கா" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

மூன்று மணிக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். வெள்ளைத் தாடி வைத்த தலைவர். தலையை நிமிர்த்தாமல் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்த ஒருவர். குட்டையாக முடி வெட்டிய ஒரு பெண்மணி. அவர் எதுவுமே கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவரிடம்தான் பயம். நான் தொடங்கினேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் என் தலைப்பு, நின்றது நின்றதுதான் என்பதன் ஆங்கில வடிவம். ஹாலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஜேசிபியும் இல்லை. எல்லாம் இவ்வளவு சரியாகப் போவது எனக்குப் புதிது. அதுவே பயமாக இருந்தது.

மூன்றாவது பக்கத்துக்குப் போனபோது தலைவர் பாதி திறந்த வாயோடு உறைந்துபோனார். மற்ற இருவரும் உறைந்தார்கள். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

காரணம் பிறகு தெரிந்தது. ஜேசிபி அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். எனக்காகத் தெருவின் அந்தக் கோடிக்குப் போய்த் தோண்டியிருந்தார். எங்கள் தெருவுக்கு வரும் இன்டர்நெட் கேபிள் அந்தக் கோடியில்தான் இருந்தது.

போனை எடுத்து ஹாட்ஸ்பாட் போட்டேன். பின்பக்க அறையில் சிக்னல் ஒரு கோடு காட்டி மறைந்தது. ஒரு கையில் லேப்டாப்பும் மறு கையில் போனுமாகக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன்.

ஹால் நிறையப் பெண்கள். எல்லோரும் தலையில் முக்காடு போட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. நிஜமாகவே மௌனமாக இருந்தார்கள். லில்லி ஆன்ட்டி மௌனத்தை வலுக்கட்டாயமாகப் பிடித்துவைத்திருந்ததில் அவர் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. நான் ஓசைப்படாமல் அவர்களைத் தாண்டி ஜன்னலோர நாற்காலிக்குப் போய், ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து இணைப்பைப் பிடித்தேன்.

மூவரும் திரும்ப வந்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது என்னையல்ல, என் தோளுக்குப் பின்னால்.

அங்கே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தலைவர் தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை சார், இந்த நேர்காணலுக்காக ஜெபிக்கிறார்கள் என்று சொன்னேன். பொய் எதுவும் தோன்றவில்லை. குறிப்பெடுப்பவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, "உங்களுக்காகவா, எங்களுக்காகவா?" என்று கேட்டார். இதற்கு என் பட்டியலில் ஒரு ஏற்பாடும் இல்லை.

தலைவர் நல்ல மனிதர். நிலைமையைச் சகஜமாக்க நினைத்தார். இந்த வேலையில் பொதுமக்களுக்கு விளக்கிச் சொல்வதும் ஒரு பகுதி, அவர்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் உங்கள் ஆய்வை உங்கள் மொழியிலேயே ஒரு நிமிடம் அவர்களுக்குச் சொல்லுங்கள், நாங்களும் பார்க்கிறோம் என்றார்.

நான் எழுந்து நின்றேன். அங்கேதான் எல்லாம் கெட்டது.

மகளிர் சங்கத்தில் ஒருத்தி எழுந்து நின்றால் அதற்கு ஒரே பொருள்தான்: அவளுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. நின்று தன் கஷ்டத்தைச் சொல்வாள். லில்லி ஆன்ட்டி இரண்டு கேள்வி கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வார். பிறகு எல்லோரும் அதற்காக ஜெபிப்பார்கள். மூன்று வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"ஆன்ட்டி, எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன். என் குரல் நடுங்கியது. இத்தனை வருடம் உள்ளேயே இருந்த பதற்றம், வெளியே வர இந்த நிமிடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. "நான் கொஞ்சம் கேலக்ஸிகளைப் பாத்துகிட்டு இருக்கேன். அதுல முன்னாடியெல்லாம் நட்சத்திரம் பொறந்துகிட்டே இருந்துச்சு. இப்ப நின்னு போச்சு."

"அச்சச்சோ" என்றது ஒரு மூலை.

"எத்தன வருஷமா?" லில்லி ஆன்ட்டி.

"பல கோடி வருஷமா ஆன்ட்டி."

"மறுபடி ஆரம்பிக்காதா?"

"ஆரம்பிக்காதுன்னுதான் நான் கண்டுபிடிச்சிருக்கேன்."

"அத நீ சொல்லாத" என்றார் லில்லி ஆன்ட்டி. "அவர் சொல்லட்டும்."

பிடித்துவைத்திருந்த மௌனத்தை அதோடு விட்டுவிட்டார். "கர்த்தாவே, கட்டப்பட்டுக் கிடக்கிற அந்தக் கேலக்ஸிகளைக் கண்ணோக்கிப் பாரும்" என்று அவர் ஆரம்பித்ததும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நின்னு போனதெல்லாம் மறுபடி துவங்கும்படி கட்டளையிடும். ஒண்ணு ரெண்டு இல்ல ஆண்டவரே, ஏராளமா, தாராளமா." சங்கத்து வழக்கப்படி மற்ற எல்லோரும் அவரவர் ஜெபத்தை ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சொன்னார்கள். தட்ட மாட்டேன் என்ற டேம்பரின் தட்டப்பட்டது. அம்மா அழுதுகொண்டிருந்தாள். பிள்ளையில்லாத வீட்டுக்காக எப்படி ஜெபிப்பார்களோ அப்படியே, ஒரு குறையும் வைக்காமல் என் ஆய்வு மாதிரிகளுக்காக ஜெபித்தார்கள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ் இரும்புலியூரில் எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆமென் சொல்லி முடிந்ததும் என்ன நடந்தது என்று தலைவர் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர்கள் தாடியைத் தடவினார்கள், அதாவது தாடி இருந்தவர் தடவினார், மற்றவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் இவர்கள் உங்கள் ஆய்வு முடிவுக்கு எதிராக அல்லவா ஜெபித்திருக்கிறார்கள் என்றார் தலைவர். ஆமாம் சார் என்றேன்.

அப்போதுதான் அந்தப் பெண்மணி வாய் திறந்தார். கேலியே இல்லாத குரல். "அவர்களுடைய ஜெபம் பலித்தால், அது உங்கள் தரவில் எப்படித் தெரியும்?"

நேர்காணலுக்காக நான் தயாரித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்று, இது நம் கேள்வி இல்லை என்று திரும்பிப் போயின. மிச்சம் இருந்தது உண்மை மட்டும்தான்.

"தெரியாது" என்றேன். என் தரவுகள் பெரும்பாலும் பழைய நட்சத்திரங்களின் ஒளியைப் பதிவுசெய்தவை, கொஞ்சமாகப் புதியவை பிறந்திருந்தால் அந்த வெளிச்சத்தில் அமுங்கிப்போகும், புற ஊதா ஒளியில் பார்த்தால்தான் பிடிபடும், நான் அப்படிப் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"பிறகு எப்படி இந்தத் தலைப்பு வைத்தீர்கள்?"

"தலைப்பு கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றி சொன்னார்கள். திரை இருண்டது.

ஹாலில் கேசரி பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது. "நல்லா பண்ணியாம்மா?" என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். நல்லா பண்ணினேன் ஆன்ட்டி என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன், பேங்க் கவுன்டர் முகத்தோடு. அம்மா மட்டும் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடிக்கும்போதுதான் அழுதேன். வாசலில் ஜேசிபி அண்ணன் வந்து நின்று, "நீ சொன்னேன்னுதான்க்கா நான் அந்தாண்ட போனேன்" என்று யாரும் கேட்காமலே விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து வந்த அப்பா அவருக்கும் ஒரு தட்டுக் கேசரி கொடுத்தார்.  

சிறுசேரிக்கு 'சம்மதம்' என்று மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அதைத் திறந்து ஒரு கமாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் அனுப்பு பட்டனுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தபோது ஐரோப்பாவிலிருந்து மெயில் வந்தது. வேலை எனக்குத்தான். ஆனால் நான் எழுதிக்கொடுத்த திட்டத்துக்காக அல்ல. அந்தப் பெண்மணியின் குழுவில் சேர்ந்து, நின்றுபோன அதே திரள்களைப் புற ஊதாவில் மறுபடி பார்க்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது பிடித்திருந்தது என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், தலைப்பை ஊரிலேயே விட்டுவிட்டு வரவும் என்று இருந்தது.

போனேன். பார்த்தேன். பெரும்பாலானவை நின்றது நின்றபடிதான் இருந்தன. ஆனால் சிலவற்றின் ஓரத்தில் மெல்லிய நீல வெளிச்சம். புதிய நட்சத்திரங்கள். எப்படியோ எங்கிருந்தோ கொஞ்சம் வாயு வந்து சேர்ந்து, மறுபடி தொடங்கியிருந்தது. இரண்டு வாரம் ஒருவரிடமும் சொல்லாமல், எங்கே தப்பு செய்தேன் என்று தேடினேன். தப்பு இல்லை என்று ஆனதும் வீட்டுக்குச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

அம்மா ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டாள். என் மகளுடைய கேலக்ஸிகளில் சில மறுபடி துவங்கிவிட்டன, சங்கத்தின் ஜெபத்துக்கு ஸ்தோத்திரம் என்று. எனக்குப் பதறியது. இது அறிவியல் நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம். வியாழக்கிழமை சங்கம் கூடியிருந்தபோதே வீடியோ கால் போட்டு, நிதானமாக விளக்கினேன். ஆன்ட்டி, அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியே பல கோடி வருஷம் ஆகிறது, நீங்கள் ஜெபிப்பதற்கு ரொம்ப முன்பே அதெல்லாம் தொடங்கியாயிற்று.

லில்லி ஆன்ட்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நாங்க ஜெபிக்கப் போறோம்னு அவருக்கு முன்னாடியே தெரியாதாடி?"

இந்த வாதத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை அகப்படவில்லை.

மீதி கேலக்ஸிகளின் பெயர்களை அனுப்பச் சொன்னார். பெயர் எதுவும் கிடையாது, வானத்தில் அவை இருக்கும் இடத்தைக் குறிக்கும் நீளமான எண்கள்தான் என்றேன். எண்ணா இருந்தா அவருக்குப் புரியாதா என்று கேட்டார். அனுப்பினேன். இப்போது வியாழக்கிழமைதோறும் யாரோ ஒருவரின் மூட்டு வலிக்கும் இன்னொருவரின் மருமகன் விசாவுக்கும் நடுவில் அந்த எண்கள் வாசிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆமென் உண்டு. போன மாதம் ஒரு ஆன்ட்டி அவசரத்தில் நடுவில் இருந்த மைனஸ் குறியை விட்டுவிட்டு வாசித்தாராம், அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைனஸ் இல்லாவிட்டால் அது வானத்தின் வேறொரு மூலை, அங்கே இருப்பது என்னுடைய கேலக்ஸியே இல்லை.

அதனால் வியாழக்கிழமைகளில் நானும் வீடியோ காலில் இருக்கிறேன். நான் ஜெபிக்கிறேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் எண்களைச் சரிபார்க்கிறேன்.